அந்த ‘மோசமான’ ஒலியை நானும் திருத்தியிருக்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் நார்வே நாட்டு பிளாக் மெட்டல் இசை (கரகரக்கும் கிதாரும் அலறல் குரலுமான இருண்ட ராக் வகை) பற்றி முழுப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அதில் டார்க்த்ரோன் குழுவின் ‘எ ப்ளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை’ (வட வானில் ஒரு தீ) ஆல்பத்துக்குத்தான் அடி அதிகம். கையில் காசில்லை, நல்ல ஸ்டுடியோ இல்லை, ஒலிப்பதிவு தெரிந்த ஆளும் இல்லை, அதனால்தான் அது தகர டப்பாவில் ஆணியைப் போட்டு உலுக்கிய மாதிரி இருக்கிறது என்பது கட்டுரையாளரின் கட்சி. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இதே ஆல்பத்துக்கு இதே தீர்ப்பை 1993 ஜனவரியிலேயே பெரம்பூரில் நான் வழங்கிவிட்டேன். வழங்கியதோடு நிற்காமல் தண்டனையையும் நிறைவேற்றினேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் இப்போது ஏன் கட்சி மாறினேன் என்பது புரியும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1986 முதல் 2003 வரை பேப்பர் மில்ஸ் சாலையில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். எட்டடிக்குப் பத்தடி இடம். ஒரு மேஜை, ரெண்டு டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஈக்வலைசர், சுவர் முழுக்க கேசட். நோட்டுப் பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிட டேப்பில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். காப்பிரைட் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. தெருவுக்குத் தெரு எல்லோரும் செய்தோம், நானும் செய்தேன்.

1992இல் ஏ.ஆர். ரஹ்மான் வந்தார். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பேஸ் தூக்கலா, சவுண்டு க்ளீனா இருக்கணும்ணே.” ஷேர் ஆட்டோ இன்னும் வராத காலம், ஆனால் அம்பாசடர் டாக்சிக்காரர்கள் பின் சீட்டுக்கு மேலே பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஈக்வலைசரில் இடது ஓரத்துக் குமிழ்களை மேலே தள்ளி, நடுவில் இறக்கி, வலது ஓரத்தில் லேசாக ஏற்றுவேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே எவ்வளவு தள்ளலாம் என்று கை தானாகச் சொல்லும். நல்ல ஒலி என்றால் என்ன என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இருந்ததில்லை.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன் ஒருவன் வந்தான். காலேஜில் படித்துக்கொண்டிருந்தான், தோள் வரை முடி. பெரம்பூருக்கு மேற்கத்திய இசை புதிதில்லை. ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் புண்ணியத்தில் கிதாரும் டிரம்ஸும் இங்கே பழகிய சத்தம். இவனும் என்னிடம் ஏற்கெனவே இரும்புச் சத்தம் நிறைய பதிந்துகொண்டு போனவன்தான். கப்பலில் இன்ஜினியராக இருந்த மாமா ராட்டர்டாமில் வாங்கி வந்ததாகச் சொல்லி ஒரு கேசட்டை நீட்டினான். அட்டையில் கறுப்பு வெள்ளையில் ஒரு உருவம். முகத்தில் வெள்ளைச் சாயம், வாய் பிளந்திருக்கிறது, சுற்றிலும் இருட்டு. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த மாதிரி.

“தொண்ணூறு நிமிஷ டேப்புல ஒரு பக்கம் முழுக்க இது போதும்ணே. இன்னொரு பக்கத்துக்கு அப்புறம் வேற கொண்டாரேன்.”

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆல்பம் 42 நிமிடம், டேப்பின் ஒரு பக்கம் 45. டேப்போடு சேர்த்து 55 ரூபாய் என்றேன். கொடுத்துவிட்டுப் போனான்.

டெக்கில் போட்டேன். முதலில் ஒரு டிரம் மெதுவாக இடித்தது, மேலே யாரோ முனகினார்கள். சரி, பேய்ப்படம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கிதார் வந்தது. அதைக் கிதார் என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. வெறும் ட்ரெபிள், அதாவது கீச்சு, ஒரே கரகரப்பு, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் வரப்பே இல்லை. பேஸ் என்று ஒன்று எங்கோ அடுத்த தெருவில் இருந்தது. லெவல் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, காதுக்குக் கனமாக எதுவும் வரவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் வருகிற முதல் சந்தேகம், ஹெட்டில் அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அப்படியே இருந்தது. அடுத்தது ஹெட் அலைன்மென்ட். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். டேப்புக்கு நேர் செங்குத்தாக ஹெட் நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். வெளிநாட்டு மெஷினில் பதிந்த டேப் நம் மெஷினோடு சில நேரம் ஒத்துப்போகாது. அதுதான் குளறுபடி என்று நம்பி, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகினேன். கால் சுற்று, அரைச் சுற்று. ஒரு இடத்தில் அந்தக் கரகரப்பு குறைந்தது. அப்பாடா என்றிருந்தது. அதோடு விட்டேனா? ஈக்வலைசரில் பேஸை மேலே தள்ளி, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்ததையெல்லாம் வழித்து இறக்கி, முழு ஆல்பத்தையும் பதிந்தேன். மேலே பேனாவால் ‘டார்க் த்ரோன்’ என்று தமிழில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று நிஜமாகவே பெருமையாக இருந்தது.

மறுநாள் பையன் வந்து அங்கேயே வாக்மேனில் போட்டுக் கேட்டான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

“பேஸ் யாருண்ணே கேட்டது?”

“தம்பி, கம்பெனிக்காரனே தப்பா அடிச்சிருக்கான். நான் சரிபண்ணிக் குடுத்திருக்கேன்.”

“அது அப்படித்தாண்ணே இருக்கணும்.”

ஒரிஜினலை மட்டும் எடுத்துக்கொண்டான். நான் பதிந்த டேப்பை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

தண்டனையின் மிச்சம் எனக்கு வந்தது. திருகிய ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக மறந்துவிட்டேன். கரகரப்புக் குறைந்ததாக நான் மகிழ்ந்தது, ஹெட் சாய்ந்து ட்ரெபிள் செத்ததால் வந்த நிம்மதி. அந்த டெக்கிலிருந்து பொங்கலுக்கு எடுத்த அத்தனை கேசட்டும் கம்பளிக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி போயிற்று. போகிக்கு முந்தின நாள் கடை வாசலில் ஏழெட்டுப் பேர். ஒரு டாக்சிக்காரர், “ஜானகியம்மாவுக்கு ஜலதோஷமா?” என்று கேட்டார். எல்லாவற்றையும் இலவசமாக மறுபடி பதிந்து கொடுத்தேன். ஹெட்டை நேராக்கி, அந்த ஸ்க்ரூ மேல் என் மனைவியின் நெயில் பாலிஷை ஒரு சொட்டு விட்டு அடைத்தேன். இன்றும் அந்தச் சிவப்புப் புள்ளி இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கீழே அடுக்கி வைத்திருந்த கேசட் பெட்டிகள் ஊறிப் போயின. பரணில் இருந்த ஒரு பெட்டி மட்டும் தப்பியது, அதில் அந்த டேப்பும் இருந்தது. அப்போதுகூட எடுத்துப் பார்க்கவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்த அன்று மத்தியானம்தான் இறக்கினேன். பழைய டெக்கின் பெல்ட் தொய்ந்து கிடந்தது. மறுநாள் ரிச்சி தெருவுக்குப் போய் பெல்ட் வாங்கி மாட்டினேன். இன்னொரு பக்கம் என் மகளின் போனில் அந்த ஆல்பத்தை ஒரிஜினலாகத் தேடி எடுத்து, அவளுடைய ஹெட்போனில் கேட்டேன். முழுதாக, ஆறு பாட்டும், உட்கார்ந்த இடத்தில். நடுவில் மகள் எட்டிப் பார்த்து, “அப்பா, நெட் சரியில்லையா? இப்படி இரையுதே” என்றாள்.

அப்புறம் என் டேப்பைப் போட்டேன்.

ஆசிரியர் அவர்களே, நான் பதிந்தது மோசமான பதிவு இல்லை. அதுதான் விஷயமே. கிதார் கனமாக இருக்கிறது, டிரம்ஸ் தொம் தொம் என்கிறது, குரல் பின்னால் போய் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், அந்தக் காலத்தில் ஆயிரம் பேர் வாசித்த சுமாரான டெத் மெட்டல், தடித்த கிதாரும் உறுமல் குரலுமான பழைய வகை. இந்தக் குழு எந்த வீட்டைவிட்டு வெளியேறியதோ, அதே வீட்டுக்குள் நான் அவர்களைப் பிடித்துத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.

வெளியேறினார்கள் என்று சும்மா சொல்லவில்லை. இங்கேதான் உங்கள் கட்டுரை தவறுகிறது. டார்க்த்ரோனின் முதல் ஆல்பம் ‘சோல்சைட் ஜர்னி’ 1991 ஜனவரியில் வந்தது. அது டெத் மெட்டல். அதைப் பதிந்தது ஸ்டாக்ஹோமில் உள்ள சன்லைட் ஸ்டுடியோவில். ஸ்வீடன் டெத் மெட்டலின் தடித்த ஒலிக்கு உலகம் முழுக்கப் பேர்போன இடம் அது. அந்த ஆல்பத்தை இன்று கேட்டாலும் வாசிப்பு சுத்தம், தாள மாற்றங்கள் கஷ்டமானவை. ஆக, நல்ல ஒலிப்பதிவு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், வாசிக்கவும் தெரியும். அதே ஆட்கள் அதே 1991 ஆகஸ்டில், ஆஸ்லோவுக்குத் தெற்கே நமக்குத் தாம்பரம் மாதிரி இருக்கிற தங்கள் சொந்த ஊரான கோல்போட்னில், கிரியேட்டிவ் ஸ்டுடியோஸ் என்ற இடத்தில் உட்கார்ந்து இதைப் பதிந்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஃபென்ரிஸுக்கும் பாடிய நொக்டுர்னோ குல்டோவுக்கும் அப்போது பத்தொன்பது வயது. அதற்குள் யாரும் வாசிப்பை மறந்துவிட மாட்டார்கள். டேக் நில்சன் என்ற பேஸ் கிதார்காரருக்கு இந்தத் திருப்பம் பிடிக்கவில்லை. பதிவுக்கு வந்து வாசித்துக் கொடுத்துவிட்டு விலகினார், அட்டையில் அவர் பெயர் இல்லை. பேஸ் அடுத்த தெருவில் இருந்தது என்று நான் சொன்னேனே, அதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பதிவை இங்கிலாந்தில் இருந்த பீஸ்வில் ரெக்கார்ட் கம்பெனிக்கு அனுப்பினார்கள். இன்னொரு டெத் மெட்டல் ஆல்பம் வரும் என்று காத்திருந்த கம்பெனிக்காரர், கிதார் ஒல்லியாக இருக்கிறது, மறுபடி மிக்ஸ் செய்தால்தான் வெளியிட முடியும் என்றார். அவரும் கை வைக்கப் பார்த்தது அதே ஸ்க்ரூதான்! பையன்கள் மசியவில்லை. இப்படியே போடுகிறீர்களா, இல்லை மேஹெம் குழுவின் கிதார்காரர் யூரோனிமஸ் நடத்தும் டெத்லைக் சைலன்ஸ் லேபிளுக்குக் கொடுத்துவிடவா என்று கேட்டுவிட்டார்கள். கம்பெனி இறங்கி வந்தது. 1992 பிப்ரவரியில் அப்படியே வெளிவந்தது. இன்றைக்கும் அதே பீஸ்வில்தான் அதைத் திரும்பத் திரும்பப் பதிப்பித்து விற்கிறது. இங்கிலாந்துக்காரர் செய்ய நினைத்து முடியாமல் போனதை உலகத்திலேயே செய்து முடித்த ஒரே ஆள் பெரம்பூரில் இருந்தேன் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

அப்படியானால் அந்த ஒல்லி ஒலியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் தெருவை வைத்துச் சொல்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், பேப்பரில் நீங்கள் கூம்பு வடிவ ஒலிபெருக்கி என்று எழுதுவீர்களே, அது. விடியற்காலை நாலரைக்கு எல்.ஆர். ஈஸ்வரி குரல் கிளம்பும். அந்தக் குழாயில் பேஸ் என்பது மருந்துக்கும் கிடையாது. ஓரமெல்லாம் உடைந்து, பிசிறி, காற்றடிக்கிற பக்கம் வளைந்து வரும். ஒரு வருஷம் கோயில் கமிட்டியில் இளைஞர்கள் சேர்ந்து, குழாயை எடுத்துவிட்டு இரண்டு ஆள் உயரத்துக்குப் பெட்டி ஸ்பீக்கர் இறக்கினார்கள். பாட்டைப் பதிந்து கொடுத்ததும் நான்தான், பேஸோடு. கோயில் வாசலில் நின்றால் நெஞ்சு அதிர்ந்தது. மறுநாள் நாலு தெரு தள்ளியிருக்கும் ஒரு பாட்டி கடைக்கு முன்னால் நின்று, “ஏம்ப்பா, இந்த வருஷம் அம்மனுக்குப் பாட்டே போடலியா?” என்று கேட்டார். அவர் வீடு வரைக்கும் போய்ச் சேர்வது அந்தக் குழாயின் கீச்சுதான், பெட்டியின் பாட்டு அங்கே எட்டவில்லை. அதைவிட, ஆடி என்றால் அவர் காதுக்கு அந்தப் பிசிறுதான் ஆடி. அதைச் சுத்தம் செய்து கொடுத்தால் பாட்டு இருக்கும், மாதம் போய்விடும்.

இந்த ஆல்பத்திலும் நடந்திருப்பது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கிதார் பக்கத்தில் நின்று வாசிக்கிற மாதிரி இல்லை, ரொம்பத் தொலைவில் திறந்த வெளியில் கேட்கிற மாதிரி இருக்கிறது. பேஸை எடுத்துவிட்டதால் காலுக்குக் கீழே தரை இல்லை. ஒரே கம்பியை வேகவேகமாக மேலும் கீழும் உரசுவதால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கரைந்து, மழைக்கு முந்தின காற்று மாதிரி ஒரே இழுவையாகப் போகிறது. நான் வரப்பு இல்லை என்று குறை சொன்னேனே, வரப்பை அழிப்பதுதான் அவர்கள் வேலையே. மார்கழியில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு இருபத்திரண்டு டிகிரியில் நடுங்குகிற சென்னைக்காரன் நான், பனி எப்படி இருக்கும் என்று எனக்கென்ன தெரியும். ஆனால் நாலாவது பாட்டு, குளிர்காற்று வீசும் இடம் பற்றியது, ஓடிக்கொண்டிருந்தபோது எழுந்துபோய் மின்விசிறியைக் குறைத்தேன்.

எல்லாப் பாட்டையும் தலையில் தூக்கிவைத்து ஆட நான் தயாரில்லை. பத்தரை நிமிடம் ஓடுகிற முதல் பாட்டின் ஆரம்ப முனகல் இப்போதும் எனக்குப் பழைய மந்திரவாதப் படத்தின் டைட்டில் கார்டுதான். மூன்றாவது பாட்டு பாதிக்கு மேல் பழைய டெத் மெட்டல் சரக்கு, சட்டையை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆல்பமே இப்படித்தான், ஒரு கால் பழைய வாசலில், ஒரு கால் தெருவில். அடுத்தடுத்த ஆல்பங்களில்தான் முழுக்க வெளியே வருகிறார்கள் என்று மகளின் போன் எனக்குக் காட்டியது. ஆனால் இரண்டாவது பாட்டு இருக்கிறதே, ‘இன் த ஷேடோ ஆஃப் த ஹார்ன்ஸ்’, அதை நான் நாலு தடவை கேட்டேன். அவசரமே இல்லாமல், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வைத்து, மரப்பட்டறையில் ரம்பம் இழுக்கிற தாளத்தில் போகிறது. ஸ்வீடனின் பாத்தரியும் ஸ்விட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட்டும் எண்பதுகளில் போட்ட தடம் அது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு விவரம் கம்மி, ரம்பம் பிடித்திருந்தது.

இந்த இசை வட்டாரத்துப் பையன்கள் சிலர் நார்வேயில் சர்ச்சுகளுக்குத் தீ வைத்ததைப் பற்றி. கட்டுரையைப் படித்தால் இந்த ஆல்பம் எரிந்த தேவாலயங்களைக் கொண்டாட வந்தது போல் தோன்றும். பெர்கன் நகருக்குப் பக்கத்தில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது 1992 ஜூன் 6. ஆல்பம் அதற்கு மூன்று மாதத்துக்கும் மேல் முன்பே கடைக்கு வந்துவிட்டது, பதிந்தது அதற்கும் முந்தைய ஆகஸ்டில். தேதியைப் பார்த்திருக்கலாம். அதற்காக இவர்கள் பச்சைக் குழந்தைகள் என்று சொல்ல வரவில்லை. ஆல்பத்தைச் சமர்ப்பித்திருப்பது யூரோனிமஸுக்கு. 1993 ஆகஸ்டில் அவரைக் குத்திக் கொன்றவனும் இதே வட்டாரத்து இசைக்காரன்தான். அந்தக் கொலைகாரன் எழுதிய பாடல் வரிகளை 1994இல் வந்த தங்கள் நாலாவது ஆல்பத்தில் டார்க்த்ரோன் பயன்படுத்தியது. பின்னட்டையில் ‘நார்வே ஆரிய பிளாக் மெட்டல்’ என்றும் அச்சடித்தார்கள். யூதர்களைப் பழித்து அறிக்கை விட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். திராவிடர் கழகக் கூட்டங்களைத் தெருமுனையில் நின்று கேட்டு வளர்ந்தவன் நான். ‘ஆரிய’ என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் இங்கே பிறந்த எவனுக்கும் முகம் சுளிக்கும், எனக்கும் சுளித்தது. அந்த அட்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அது 1994இன் பாவம். 1992இன் ஆல்பத்தில் அதை எழுதக் கூடாது.

முகச் சாயத்தைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார், பேய் வழிபாடு என்று. மாசியில் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம் கட்டி வருகிற பையன்களைப் பார்த்தவர்களுக்கு அட்டையில் இருக்கிற கிதார்காரர் செஃபிரஸ் ரொம்பப் பழக்கமான முகம். இவர்களில் ஃபென்ரிஸ் தபால் துறையில் வேலை பார்த்தவர். ஊர் மன்றத் தேர்தலில் பெயரைக் கொடுத்துவிட்டு, கையில் பூனையைப் பிடித்தபடி ‘எனக்கு ஓட்டுப் போடாதீர்கள்’ என்று படம் போட்டார். மாற்று உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இதையும் ஒரு வரி போட்டிருக்கலாம். நம் ஊரில் கெஞ்சிக் கேட்டும் டெபாசிட் போகிறது.

எந்த ஆல்பத்தைக் காசில்லாத பையன்களின் கூச்சல் என்று நாம் ஒதுக்கினோமோ, அது இன்று ஆஸ்லோவில் உள்ள நார்வே தேசிய நூலகத்தின் நிரந்தரக் கண்காட்சியில் இருக்கிறது. அரசாங்கம் கண்ணாடிக்குள் வைத்துவிட்டதால் அது உசத்தி என்று நான் வாதாட மாட்டேன். எனக்கு அந்தப் பையன் மேஜையில் வைத்துவிட்டுப் போன டேப்பே போதுமான சாட்சி.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். கட்டுரையோடு ஆல்பத்தின் அட்டைப் படத்தையும் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் அசல் அட்டையில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறம் கிடையாது. தலைப்பில் தீ வருகிறதே என்று யாரோ கீழ்ப்பக்கத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாகத் தீ மூட்டி, பின்னணி இருட்டையும் கொஞ்சம் வெளுக்க வைத்திருக்கிறார்கள். செய்தவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார், எனக்கு அந்தக் கை பழக்கம். அடுத்த முறை போட்டால் கறுப்பு வெள்ளையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கேசட் கடைக்காரர்,
பெரம்பூர், சென்னை – 11